குரங்கணி மலைப்பாதைகள்: 2018 தீ விபத்து குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே போகும் சாலை முந்தலில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு வழியாக மூணாறுக்குப் போகும். மற்றது கொட்டக்குடி ஆற்றை ஒட்டிப் போய்க் குரங்கணியில் நின்றுவிடும். பஸ்ஸுக்கு அதுதான் கடைசி. அதற்கு மேலே இருக்கும் குடியிருப்புகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் நடைதான். சரக்கு என்றால் குதிரை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊருக்கு மேலே உள்ள புல்மேட்டில் பரவிய தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் மலையிலேயே, மற்றவர்கள் அடுத்த சில வாரங்களில் ஆஸ்பத்திரிகளில். தமிழ்நாட்டில் மலையேற்றம் அன்றிலிருந்து வேறு மாதிரி ஆகிவிட்டது. முதலில் தடை வந்தது, பிறகு விதிகள் வந்தன, 2024-இல் அரசே நடத்தும் திட்டம் வந்தது.

அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு ‘அனுமதி வாங்கினார்களா இல்லையா’ என்பதில் போய் நின்றுவிடும். அது தேவையில்லாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பாதையில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு இருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முறைப்படி அனுமதி வாங்கிய ஒருவர் அதே சரிவில் அதே நேரத்தில் நின்றிருந்தாலும் தீ அவரை விட்டிருக்காது.

யாருக்காகப் போட்ட பாதைகள்

குரங்கணியைச் சுற்றியுள்ள பாதைகள் எதுவும் உல்லாச நடைக்காகப் போட்டவை அல்ல. மூணாறு தேயிலையைக் கீழே இறக்குவதற்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, இழுத்தவை மாடுகள். 1908-இல் அது குறுகிய ரயில்பாதையாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிவழித் தொங்கு வண்டியில் சுமார் 5 கிலோமீட்டர் கீழே, கொட்டக்குடிப் பக்கம் இறங்கும். அந்தக் கீழ்முனைக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி. 1924 வெள்ளத்தில், அதாவது மலையாளிகள் இன்றும் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்லும் பெருவெள்ளத்தில், அந்த ரயில்பாதை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவில்லை. ரயில் போனாலும் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. இப்போது ரயிலே வராத மலையில் இப்படி ஸ்டேஷன்கள் இருப்பதைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் குழம்புவது வழக்கம்.

தொங்கு வண்டிக்குத் துணையாக ஆட்கள் நடந்த வழிதான் இன்று டாப் ஸ்டேஷன் நடைபாதை. அதைத் தவிர முதுவாக்குடி, முட்டம் போன்ற குடியிருப்புகளை இணைக்கும் வழிகள் உண்டு. காப்பி, மிளகு, ஏலம், இலவம் காய் எல்லாம் இந்த வழிகளில்தான் குதிரை முதுகில் இறங்குகின்றன. இந்தப் பாதைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. சுமையோடு நடக்கும் மிருகத்துக்கும் மனிதனுக்கும் ஏற்றபடி மெதுவாக வளைந்து வளைந்து ஏறும். ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு நிழல் இருக்கும், சுமை இறக்க ஒரு பாறை இருக்கும். தினமும் ஆள் நடக்கிற வழி என்பதால் புல் பாதைமேல் மூடுவதில்லை.

கொழுக்குமலைக்கு ஏறும் வழி இப்படிப்பட்டதல்ல. கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல் இருக்கும் தேயிலைத் தோட்டம். இடம் தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டி போகும் வழி கேரளாவில், இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஜீப் மட்டும்தான் ஏறும். அதனால் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு நேராக ஏறும் ஒத்தையடிப்பாதை அன்றாட உபயோகத்திலிருந்து மெல்ல விலகிவிட்டது. செங்குத்தான ஏற்றம், நடுவில் நீளமான புல்சரிவு, ஆளுயரத்துக்கு வளரும் புல். அந்தப் புல்லுக்குள் நடந்தால் பத்தடி முன்னால் போகிறவர் தலை மட்டும் தெரியும், காலடியில் கிடக்கும் கல் தெரியாது. கைகளில் புல்லின் விளிம்பு கீறிக்கொண்டே இருக்கும். காட்சி அருமை, அதில் சந்தேகமில்லை. மலையேற்றக்காரர்களுக்கு அது பிடித்ததற்கும் ஊர்க்காரர்கள் அதிகம் போகாததற்கும் காரணம் ஒன்றுதான்: அது நேர்வழி.

அன்று நடந்தது

மகளிர் தினத்தை ஒட்டி ஏற்பாடு செய்யப்பட்ட பயணத்தில் சென்னையிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. பெரும்பாலோர் பெண்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. சனிக்கிழமை ஏறி, மேலே தங்கி, ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கு இறங்குவது திட்டம். வார விடுமுறை மலையேற்றங்களின் வழக்கமான அச்சு இது. திங்கள்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு வேறு அமைப்பு தோதுப்படாது.

இந்த அச்சில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. மேலே தங்கி, காலை உணவு முடித்து, தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பினால் புல்சரிவுக்கு வரும்போது உச்சிவெயில் தாண்டியிருக்கும். அன்றும் அப்படித்தான் ஆனது. ஒத்தமரம் என்று ஊரார் சொல்லும் இடத்தை ஒட்டிய சரிவில், பிற்பகலில், புகையும் தீயும் அவர்களை நெருங்கின. காற்று பலமாக இருந்தது. குழு சிதறியது. சிலர் பாறைகள் இருந்த பக்கம் ஒதுங்கித் தப்பினார்கள். சிலர் பள்ளத்துக்குள் இறங்கினார்கள் அல்லது விழுந்தார்கள். இறந்தவர்களில் பலர் அப்படிப்பட்ட பள்ளத்தில்தான் கிடந்தார்கள்.

புல்லும் சரிவும் நேரமும்

மார்ச் 11 என்பது மாசிக் கடைசி. தேனிப் பக்கத்து மலைகள் தென்மேற்குப் பருவமழைக்கு மறைவுப் பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் இந்தக் கிழக்குச் சரிவுகள் நன்றாக நனையும், புல் அப்போது கொழுத்து வளரும். தை மாதத்தில் உயரமான இடங்களில் விழும் உறைபனி அந்தப் புல்லைக் கருக்கிவிடும். மாசியில் வெயில் ஏறும்போது காய்ந்த புல் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருக்கும். பங்குனி, சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து புதுத் தளிர் வரும்வரை இதே நிலைதான். ஆக, வருஷத்தில் மிக மோசமான எட்டு வாரங்களின் நடுவில் அந்தப் பயணம் அமைந்திருந்தது. நல்ல மழைக்குப் பிறகு வரும் கோடையில் ஆபத்து கூடும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்; மழை அதிகம் என்றால் புல்லும் அதிகம், எரிவதற்குச் சரக்கும் அதிகம்.

அடுத்தது சரிவு. தீ சமதளத்தில் பரவுவதற்கும் மேட்டில் ஏறுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மேட்டில் ஏறும்போது சுவாலை முன்பக்கம் சாய்ந்து, இன்னும் பற்றாத புல்லைச் சூடாக்கி உலர்த்திவிடுகிறது. ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்புக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியென்றால் 30 டிகிரி சரிவில் எட்டு மடங்கு. அதே 30 டிகிரி சரிவில் மனிதன் ஓடும் வேகமோ சமதளத்தில் ஓடுவதில் பாதிகூட இருக்காது. பகலில் வெயில் பட்டுச் சூடான சரிவில் காற்று மேல்நோக்கி வீசும். பிற்பகலில் அது உச்சத்தில் இருக்கும். பள்ளமும் ஓடைக்காலும் இன்னும் மோசம், சூடான காற்று அவற்றின் வழியாகத்தான் உறிஞ்சப்பட்டு மேலே போகும். தண்ணீர் இருக்கும் என்று நினைத்து மனிதர்கள் ஒதுங்குவதும் அங்கேதான்.

இது குரங்கணியில் மட்டும் நடந்ததல்ல. 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் தீயணைக்கப் போன பயிற்சி பெற்ற வீரர்களே இப்படி மாட்டிக்கொண்டார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பிற்பகல், கீழேயிருந்து ஏறிவரும் தீ. 13 பேர் இறந்தார்கள். குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தனக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ அவரைச் சுற்றிப் போய்விட்டது. வாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. எரியும் தீயை நோக்கிப் போகச் சொல்கிறவர் பேச்சை யார் கேட்பார்கள்? பயிற்சி பெற்றவர்களே கேட்கவில்லை என்றால், வார விடுமுறைக்கு வந்தவர்கள் சிதறி ஓடினார்கள் என்று குறை சொல்வதில் நியாயமே இல்லை. சொல்லித்தரப்படாத ஒன்றை அந்த நிமிடத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சொல்லித்தர வேண்டியது ரொம்பப் பெரிய விஷயமும் இல்லை. எரிந்து முடிந்த கரிநிலம்தான் மிகப் பாதுகாப்பான இடம். அது இல்லையென்றால் புல் முளைக்காத அகலமான பாறை. மேட்டில் ஓடக்கூடாது, பக்கவாட்டில் நகர வேண்டும். பள்ளத்துக்குள் இறங்கக்கூடாது. நைலான், பாலியஸ்டர் உடைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி அப்படி உருகாது. மலையேற்றத்துக்கென்று கடைகளில் விற்கும் சட்டைகளில் பாதிக்கு மேல் உருகுகிற ரகம்தான் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சீட்டு எதைக் கேட்டது

டாப் ஸ்டேஷன் வழிக்குத்தான் நுழைவுச்சீட்டு கொடுத்தோம், கொழுக்குமலை வழிக்கு அனுமதி இல்லை என்பது வனத்துறை சொன்னது. பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் மீது வழக்குப் பதிவானது, வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வருவாய்த் துறை முதன்மைச் செயலராக இருந்த அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக அரசு நியமித்தது.

சரி, அனுமதி இல்லாத பாதை என்றே வைத்துக்கொள்வோம். அனுமதி உள்ள பாதைக்குக் கொடுத்த சீட்டு என்ன கேட்டது? எத்தனை பேர், எவ்வளவு கட்டணம். தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் அந்தச் சீட்டு கொடுக்கப்பட்டதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏறுகிறவர் எந்தக் கிளைப்பாதையில் திரும்புகிறார் என்று பார்க்க வழியில் ஆள் இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்ற கட்டாயம் நடைமுறையில் இல்லை. செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் மலை மொத்தமும் திறந்துகிடந்தது.

ஏற்பாட்டாளர்கள் பக்கமும் இதே மாதிரிதான். ஜி.பி.எஸ். தடம் கையில் இருந்தால் பாதை தெரியும் என்ற நம்பிக்கை அந்த வருஷங்களில் மலையேற்றக் குழுக்களிடம் பரவலாக இருந்தது. தடம் எங்கே திரும்ப வேண்டும் என்று காட்டும். புல் எவ்வளவு உயரம், காய்ந்திருக்கிறதா, நேற்றுப் பக்கத்து மலையில் புகை தெரிந்ததா என்று காட்டாது. ஆறு மாதம் முன்னால், பச்சைப் புல்லில் பதிந்த தடத்தை மாசி மாதத்தில் பிடித்துக்கொண்டு நடப்பது எவ்வளவு ஆபத்து என்பது அந்தத் திரையைப் பார்த்தால் தெரிய வழியில்லை.

செயற்கைக்கோள் எச்சரிக்கை இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் தரவை வைத்துக் காட்டுத்தீ எச்சரிக்கை அனுப்புகிறது, உண்மைதான். தீயைக் கண்டுபிடிக்கும் விர்ஸ் கருவி எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர். பழைய மோடிஸ் கருவியில் 1 கிலோமீட்டர். இந்தக் கருவிகளைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் கடப்பது பகலில் பெரும்பாலும் ஒன்றரை மணியை ஒட்டி, அடுத்தது நள்ளிரவுக்குப் பிறகு. இரண்டு மணிக்குப் பற்றி மூன்று மணிக்குள் ஒரு சரிவையே முடித்துவிடும் புல்தீ இந்த இடைவெளிக்குள் வந்து போய்விடும். காடு முழுவதற்கும் இந்த ஏற்பாடு மிக உபயோகமானது. சரிவில் நிற்கும் ஒரு குழுவுக்கு உதவாது. அதற்கு எதிர்மலையில் ஒரு தீக்காவலரும் வேலை செய்யும் வாக்கிடாக்கியும்தான் வேண்டும்.

மீட்பு

முதலில் ஏறிப் போனவர்கள் ஊர்க்காரர்களும் வனத்துறை, தீயணைப்புப் பணியாளர்களும்தான். பாதையில்லாத சரிவில் தீக்காயம் பட்டவரைத் தூக்கிவர ஸ்ட்ரெச்சர் உதவாது. போர்வையையோ சேலையையோ கம்பில் கட்டி டோலியாக்கி, இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து வர வேண்டும். பகலிலேயே சறுக்கும் புல்சரிவில் இதை இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் செய்தார்கள். இந்திய விமானப்படை சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்களை அனுப்பியது, அதன் கமாண்டோ பிரிவான கருட் படையினரும் வந்தார்கள். ஆனால் இருட்டிய பிறகு அந்த மலையில் ஹெலிகாப்டரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மறுநாள் காலையில்தான் வான்வழி வேலை சூடு பிடித்தது.

இந்த மணிக்கணக்கு உயிர்க்கணக்கு. பெரிய தீக்காயத்தில் முதல் சில மணி நேரத்துக்குள் ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றியாக வேண்டும்; இல்லையென்றால் உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகும், சிறுநீரகம் செயலிழக்கும். மலையிலிருந்து குரங்கணி, அங்கிருந்து போடி, பிறகு தேனி மருத்துவக் கல்லூரி, கடுமையானவர்களுக்கு மதுரை. வழி நெடுக நல்ல மனசோடு எல்லோரும் ஓடினார்கள். ஆனாலும் முதல் கட்டமான அந்தச் சில கிலோமீட்டர் ஒத்தையடிப்பாதைக்கு எந்த அவசரமும் பொருந்தாது. டோலி போகும் வேகம்தான் வேகம். ஒரு பாதையில் ஆட்களை விடலாமா என்று முடிவு செய்யும்போது, அதில் ஒருவரைச் சுமந்து இறக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊரில் இன்னும் இது ஒரு அளவுகோலாக ஆகவில்லை.

பிறகு

மாநிலம் முழுக்க மலையேற்றம் நிறுத்தப்பட்டது. அதே 2018-இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன: பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன, வழிகாட்டி கட்டாயமானார். அந்த வருஷம் கொழுக்குமலைப் பக்கம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் குறிஞ்சி பூத்தது. சூரியநெல்லிப் பக்கம் ஜீப்புகள் நிரம்பி வழிந்தன. கீழே குரங்கணியில் மலையேற வருகிறவர்களை நம்பியிருந்த டீக்கடைகளும் வண்டிக்காரர்களும் சும்மா இருந்தார்கள். தடையின் விலையை ஊர்தான் கட்டியது. இதை யாரும் எழுதிவைப்பதில்லை.

2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், அவர்களில் பழங்குடி இளைஞர்கள் பலர். தேனி மாவட்டப் பாதைகளில் குரங்கணி–சாம்பலாறு ஒன்று. தீ அபாயக் காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகள் மூடப்படுகின்றன. கட்டணம் அதிகம் என்ற முணுமுணுப்பு உண்டு. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, அந்தப் பணத்தில் ஒரு பங்கு பாதையை நடந்து பழகிய ஒருவரின் கூலியாகப் போகிறது என்றால். 2018-க்கு முன் கொடுத்த சீட்டில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எந்த மாதம் என்பது விதியில் வந்துவிட்டது, எத்தனை மணி என்பது இன்னும் வரவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் முன்கூட்டியே காய்ந்துவிட்டால் தேதியை மட்டும் வைத்து என்ன செய்வது? புல்வெளி வழியாகப் போகும் பாதைகளில் காலை பத்து, பதினொரு மணிக்குள் புல்லைத் தாண்டி மரநிழலுக்குள் போய்விட வேண்டும் என்ற எளிய விதி, தேதித் தடைக்கு வெளியே இருக்கும் ஜனவரியிலும் மே மாதத்திலும்கூட உதவும். அதற்குக் காலையில் கிளம்பும் நேரத்தை மாற்றினால் போதும். ஒவ்வொரு பாதைக்கும் தப்பிக்கும் பாறைகள் எங்கே என்று வரைபடத்தில் குறித்து, கிளம்பும்முன் வழிகாட்டி அதைக் காட்டலாம்.

அப்புறம் மாநில எல்லை. கொழுக்குமலை உச்சிக்கு விடியற்காலையில் சூரியோதயம் பார்க்கச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் ஏறுகின்றன. ஜீப் கிளம்பும் இடம் கேரளா, போய் நிற்கும் இடம் தமிழ்நாடு. குரங்கணி பக்கத்து வாசலில் என்னதான் பார்த்துப் பார்த்து ஆள் விட்டாலும், மேலே வந்து இறங்கிய ஒருவர் ‘கீழே தெரிகிறதே, இறங்கிவிடலாம்’ என்று நினைத்தால் அவர் கால் வைக்கும் முதல் இடம் அதே புல்சரிவுதான். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்களும் இரு மாநில வனத்துறைகளும் சேர்ந்து அந்த மேல்முனைக்கு ஆள் போட வேண்டும். கீழ்வாசலில் மட்டும் ஆள் போட்டு அந்தச் சரிவைக் காப்பாற்ற முடியாது.